மொறிஸ் மைனர் எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே மாற்றலாமா?

கேள்வி இது: யாழ்ப்பாணத்தில் அப்பா வைத்திருந்த 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, எஞ்சின் 948 சிசி. நீலப் புகை தள்ளுகிறது. நாலு பேர் ஏறினால் இழுக்கிறதில்லை. பெரியப்பா வீட்டுக் கொட்டிலில் 1098 சிசி எஞ்சின் ஒன்று தன் கியர் பொக்ஸோடு பல வருடமாகக் கிடக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோகாமல் அண்ணன் தம்பி இருவரும் வீட்டிலேயே மாற்றிவிடலாமா? இரண்டு சனி ஞாயிறு போதுமா?

மாற்றலாம். நாட்கணக்குத்தான் பிழை. கழற்றுவதற்கு ஒரு சனிக்கிழமை தாராளமாகக் காணும். பூட்டி ஓடவைக்க ஒரு மாதம் என்று நினைத்துக்கொண்டு இறங்குங்கள், அதற்கு முதல் முடிந்தால் லாபம். மாரி தொடங்கிய பிறகு கை வைக்க வேண்டாம். கூரை இல்லாத முற்றத்தில் திறந்த எஞ்சினை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

முதல்முறை எஞ்சின் கழற்றுகிறவருக்கு மைனரைப் போல வசதியான கார் கிடைப்பது அருமை. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை மட்டுமில்லை, தோளே போகும் அளவுக்கு இடம் இருக்கும். இதை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ் முதலில் நினைத்தது சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் அகலமான எஞ்சினை. அது கைகூடவில்லை. 1948இல் கார் வெளிவந்தபோது கம்பனியிடம் இருந்த பழைய ஒடுங்கிய எஞ்சினைத்தான் வைத்தார்கள். அன்று மிச்சமான இடம் இன்றைக்கு உங்கள் ஸ்பனருக்குப் பயன்படுகிறது.

ஆனால் கழற்ற முதல், கழற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, அவ்வளவுதான். பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கலாம், வால்வுக் குழாய் தேய்ந்திருக்கலாம். வால்வு என்றால் எஞ்சின் இருந்த இடத்திலேயே மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்த்துவிடலாம். மலைநாட்டுக்காரர் இறக்கத்தில் இறங்கிவிட்டு அக்சிலேற்றரை மிதித்து, அப்போது குப்பென்று புகை வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் பெரும்பாலும் வால்வு. யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது? நேரான வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறையவிட்டு, பிறகு மிதியுங்கள். அப்புறம் சூடான எஞ்சினில் நாலு பிளக்கையும் கழற்றி, மானி வைத்துக் கம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம், பாருங்கள். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஊசி ஏறினால் றிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு, இல்லாவிட்டால் ஹெட் கஸ்கெற்.

அப்பாவின் கார் 1990களில் இங்கே ஓடியது என்றால் இன்னொரு விசயமும் இருக்கிறது. பெற்றோல் தடை இருந்த அந்தக் காலத்தில் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஓடியது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் இறங்கும். எண்ணெய் தண்ணீராகி, அளவுக் கம்பியில் மட்டம் கூடியிருக்கும். விசயம் தெரியாதவர் எண்ணெய் குறையவில்லை என்று சந்தோசப்படுவார். அந்த ஓட்டம் ஓடிய எஞ்சினில் சிலிண்டரும் பெயாரிங்கும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். ஹெட் வேலை மட்டும் அதற்குக் காணாது.

கிடக்கிற 1098ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். முதலில் அது 1098தானா என்று பாருங்கள். பிளொக்கின் வலது பக்கம், டைனமோவுக்கு மேலே ஒரு சின்னத் தகடு அறைந்திருக்கும். 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. 9எம் என்றால் உங்களிடம் இருப்பது இன்னொரு 948தான். கியர் பொக்ஸும் சாட்சி சொல்லும். 1962க்குப் பிறகு வந்த பெட்டியின் வெளிப்புறத்தில் விலா எலும்பு போல வரிகள் இருக்கும். பழையது வழுவழுப்பு.

பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்புறப் புல்லி நட்டில் ஸ்பனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் பாதிப் பயம் போய்விட்டது. சுற்றாவிட்டால் நீளமான குழாயைச் சொருகி முறுக்குகிற வேலை வேண்டாம், ஹெட்டைக் கழற்றுங்கள். சுற்றினாலும் சம்பைக் கழற்றி, பிஸ்டன் தடியின் பெரிய முனைப் பெயாரிங் ஒன்றையாவது திறந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் புதிய ஷெல் (பெயாரிங் ஓடு) போடும் காலம். ஷெல் வாங்க முதல் பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கை அளக்கக் கொடுங்கள், யாராவது ஏற்கெனவே ஒருமுறை கடைந்திருக்கக்கூடும்.

எஞ்சினை மட்டும் மாற்றிப் பழைய கியர் பொக்ஸை விட்டுவைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 948இன் கிளச் 6¼ அங்குலம், 1098இனது 7¼. பெரிய கிளச்சும் அதன் பிளைவீலும் பழைய பெட்டியின் மணி போன்ற முன்வாய்க்குள் அடங்காது. பெரியப்பாவின் எஞ்சின் பெட்டியோடு கிடப்பது உங்கள் அதிர்ஷ்டம். அந்தப் பெட்டி உங்கள் காரில் அதே இடத்தில் உட்காரும். பின் அச்சின் பல் விகிதம் மட்டும் வேறு. உங்களுடையது 4.55, 1098 கார்களில் 4.22. பழைய அச்சோடு ஓடினால் புறப்பாடு சுறுசுறுப்பாக இருக்கும், நெடுந்தூரத்தில் எஞ்சின் கொஞ்சம் அதிகம் கத்தும். ஊருக்குள் ஓட இது போதும்.

பெட்டியோடு சேர்த்து மாற்றச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் பெரியது. இந்த வேலையில் எஞ்சினைத் தூக்குவதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். தூக்குவது சங்கிலியின் வேலை. உங்கள் கைக்கு உள்ள வேலை, கியர் பொக்ஸிலிருந்து வரும் தண்டைக் கிளச் பிளேற்றின் பல்லுக்குள் விட்டு, அதன் நுனியைக் கிராங்கின் முடிவில் உள்ள சின்ன வெண்கலப் புஷ்ஷுக்குள் உட்கார வைப்பது. காருக்குள் அந்தரத்தில் தொங்கும் எஞ்சினை ஆட்டி ஆட்டி இதைச் செய்வது நரகம். நான் முதல்முறை செய்தபோது கடைசி முக்கால் அங்குலம் மூடவில்லை. மத்தியானத்திலிருந்து முயன்று களைத்துப்போய், சுற்றியுள்ள போல்ட்டுகளைப் பூட்டி இறுக்கினால் தானாக இழுபட்டு வரும் என்று இறுக்கினேன். வந்தது. 'டக்' என்று ஒரு சத்தமும் வந்தது. பெட்டியின் அலுமினியக் காது ஒன்று வெடித்திருந்தது, கிளச் பிளேற்றின் நடுப்பகுதி வளைந்திருந்தது. அந்தப் போல்ட்டுகள் மூடிய இரண்டைப் பிடித்து வைக்கத்தான், இழுத்து மூட இல்லை. உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். நிலத்தில் பலகை போட்டு, வெளிச்சத்தில், எல்லாப் பக்கமும் குனிந்து பார்த்து இரண்டையும் சேர்த்துவிட்டு, ஒன்றாக இறக்குங்கள்.

சேர்க்க முதல் கிளச் பிளேற்றை நடுவுக்கு எடுக்க வேண்டும். பழைய கியர் பொக்ஸ் தண்டு கிடைத்தால் அதுவே சிறந்த கருவி. இல்லாவிட்டால் ஒரு தடியில் ரேப் சுற்றிப் புஷ்ஷுக்கும் பிளேற்றுக்கும் அளவாக்குங்கள். நடு சரியாக இருந்தால் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் நின்றால் டொப் கியரில் போட்டுப் பின்புறத் தண்டைக் கொஞ்சம் திருப்புங்கள், பல் பிடித்துவிடும். கிளச்சைத் தள்ளும் பெயாரிங் இந்தக் காரில் குண்டு பெயாரிங் இல்லை, கரி வளையம். தேய்ந்து உலோகத்துக்குக் கிட்ட வந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஒரு சின்னச் சாமானுக்காக முழு எஞ்சினையும் திரும்ப வெளியே எடுக்கக்கூடாது.

சரி, கழற்றும் நாளுக்கு வருவோம். இந்த எஞ்சினில் நட்டுகள் அங்குலக் கணக்கு. 7/16, 1/2, 9/16, 5/8 ஸ்பனர்கள் கட்டாயம் வேண்டும். 1/2 என்றால் 12.7 மில்லிமீற்றர். பதின்மூன்றாம் ஸ்பனர் போகும், போய் ஆடும், அறுபது வருட நட்டின் மூலையை உருட்டிவிட்டுத்தான் வெளியே வரும். அவற்றைப் பெட்டிக்குள்ளேயே விடுங்கள்.

எதையும் தொட முதல் கைப்பேசியில் படம் எடுங்கள், ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிய. வயர் முனைகளில் வெள்ளை ரேப் ஒட்டி எழுதுங்கள். நட்டுகளைக் கழற்றிய இடத்திலேயே இரண்டு சுற்றுத் திரும்பப் பூட்டி விடுவது என் பழக்கம். மாஜரின் டப்பாக்களில் போட்டுவைக்கலாம்தான், கோழி தட்டிவிட்டால் தெரியும்.

பற்றறியைக் கழற்றி வெளியே எடுங்கள். இந்தக் காரில் பிளஸ் முனைதான் உடம்பில் பூட்டியிருக்கும், இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பிறகு யாராவது உதவிக்கு வந்து இன்றைய வழக்கப்படி மாற்றிக் கொடுத்துவிடுவார். பொனற்றின் பிணைச்சலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு இரண்டு பேராகத் தூக்குங்கள். தண்ணீரையும் எண்ணெயையும் இறக்கி, ரேடியேற்றரைக் கழற்றுங்கள். கார்புரேற்றர், அதன் கேபிள்கள், பெற்றோல் குழாய், சைலன்சர் குழாயின் கழுத்துப் பிடி, டைனமோ, ஸ்ராட்டர் மோட்டர், டிஸ்ரிபியூட்டர் வயர் எல்லாம் ஒரு மணித்தியால வேலை. கழுத்துப் பிடி நட்டு மட்டும் அடம்பிடிக்கும். முதல் நாள் இரவே அதற்கு எண்ணெய் விட்டுவையுங்கள்.

உள்ளே கம்பளத்தைத் தூக்கினால் கியர் பொக்ஸ் மூடித் தகடு தெரியும். அதன் திருகுகள் பாதி துருவோடு முறியும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். கியர்த் தடி, வேகமானிக் கேபிள், கிளச் மிதியிலிருந்து வரும் தடி ஆகியவற்றை விடுவியுங்கள். பின் அச்சருகில் உள்ள நாலு போல்ட்டையும் எடுத்தால் புரொப்பெலர் தண்டு பின்னால் வழுக்கி வெளியே வரும். அந்தத் துவாரத்தால் கியர் எண்ணெய் கொட்டும், பொலித்தீன் பையும் றப்பர் வளையமும் கையில் இருக்கட்டும். பெட்டிக்குக் கீழே ஜக் வைத்துவிட்டுத்தான் குறுக்குச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். எஞ்சினைத் தாங்கும் இரண்டு றப்பர்களையும் கடைசியாக விடுங்கள்.

தூக்குவதற்கு ஒரு தொன் செயின் புளொக்கை வாடகைக்கு எடுங்கள். எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து இரண்டு ஆள் பாரத்துக்குக் குறையாது. போர்ட்டிக்கோ வளையில் மாட்டலாமா என்று கேட்பீர்கள். பனை வளை ஓட்டைத் தாங்கப் போட்டது. ஆடுகிற இரும்புக்கு அது நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மாங்கொப்பும் வேண்டாம். மூன்று கனமான இரும்புக் குழாய்களால் முக்காலி கட்டுங்கள், கால்கள் விலகாதபடி கீழே சுற்றிச் சங்கிலி போடுங்கள். மணல் முற்றமென்றால் ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகை. பட்டியை எஞ்சினின் முன்னும் பின்னும் கீழாகச் சுற்றி, இரண்டும் விலகாதபடி சேர்த்துக் கட்டுங்கள். முன்புறம் உயர, பெட்டி தாழ, நன்றாகச் சரிந்துதான் வெளியே வரும். ஒருவர் சங்கிலி, ஒருவர் பெட்டியின் வால். முழுதாக மேலே வந்ததும் எஞ்சினை நகர்த்தாதீர்கள், காரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். தொங்கும்போது அதற்குக் கீழே கையோ காலோ போகக்கூடாது. சின்னப் பிள்ளைகளை அன்றைக்கு அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

இப்போது காருக்குள் ஒரு பெரிய வெறுமை தெரியும். உடனே புது எஞ்சினை இறக்க அவசரப்படாமல் அதற்குள் தலையை விடுங்கள். அறுபது வருட எண்ணெய்ச் சேற்றைச் சுரண்டினால் அடியில் உள்ள சட்டம் எப்படி இருக்கிறது என்று தெரியும். கடற்கரைப் பக்கம் நின்ற கார் என்றால் துரு ஏதாவது வைத்திருக்கும். ஒட்டு வேலைக்கு இதைவிட வசதியான நேரம் வராது. ஸ்ரியரிங் றப்பர் உறைகள், பிறேக் குழாய்கள், எஞ்சின் தாங்கும் றப்பர்கள் எல்லாவற்றையும் இப்போதே பாருங்கள். சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், இங்கிலாந்திலிருந்தும் இன்றுவரை புதிதாக வருகின்றன. பதினாறு லட்சத்துக்கு மேல் செய்த கார், அதனால் சாமானுக்குப் பஞ்சமில்லை.

எஞ்சினின் பின்பக்கம் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் சீல் தேடி அலையாதீர்கள். இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் றப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் பள்ளம் எண்ணெயைத் திருப்பி உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். கொஞ்சம் சொட்டுவது அதன் பிறவிக் குணம். நிறையக் கொட்டினால் றிங் தேய்ந்து உள்ளழுத்தம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

இறக்குவது தூக்கியதன் எதிர்த்திசை, அதைப் படி படியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ராட் பண்ணுவது அப்படியல்ல. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு இருக்கிறது: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. எரியும் ஒழுங்கு 1-3-4-2, டிஸ்ரிபியூட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. பிளக் வயரை மாற்றிப் போட்டுவிட்டு எஞ்சின் சரியில்லை என்று அழுதவர்கள் எத்தனை பேர்!

ரேடியேற்றருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் மண்ணின் கீழே சுண்ணாம்புக் கல், கேத்தலில் படிகிற வெள்ளைதான் பிளொக்குக்குள்ளும் படியும். வடித்த தண்ணீரும் கூலன்றும் விடுங்கள். எண்ணெய் 20டபிள்யூ-50. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். விளக்கு அணையாமல் பிளக் போடக்கூடாது. முதல் ஓட்டத்தில் அரை மணித்தியாலம் பொனற் இல்லாமலே ஓடட்டும், பக்கத்தில் தண்ணீர் வாளி இல்லாமல் தீயணைப்பான் இருக்கட்டும். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை ஒழுங்குப்படி 40 அடி-இறாத்தலுக்குத் திரும்ப இறுக்கி, வால்வையும் திரும்பப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீற்றரில் எண்ணெய் மாற்றுங்கள். கிடந்த எஞ்சின் நிறைய அழுக்கை விடும்.

கடைசியாகக் காகித வேலை. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் பிளொக்கில் உள்ளதும் இனி வேறு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தாமல் விட்டால் விற்கும்போதும் விபத்தின்போதும் தலையிடி. பெரியப்பாவின் எஞ்சின் எந்தக் காரில் இருந்தது, அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு, கையெழுத்தோடு ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். பழைய 948ஐ இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் காரோடு பிறந்த இலக்கம் அதில்தான் இருக்கிறது, றிங்கும் கடைசலும் செய்தால் இன்னும் ஓடும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டி, துவாரங்களைத் துணியால் அடைத்து, பலகை மேல் ஏற்றி மூடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை புல்லியைப் பிடித்துக் கால் சுற்றுச் சுற்றிவிட்டால் போதும்.